புள்ளடியும் பெருவிரலும்

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் சனிக்கிழமை நடைபெற்ற சனாதிபதித் தேர்தலிலே, முல்லைத்தீவு மாவட்டத்துக் குளக்கட்டொன்றை அடுத்த சிறு பாடசாலையில் வாக்கெடுப்பு நிலையமொன்றுக்குத் தலைமை தாங்கும் பணி எனக்கு வாய்த்தது. தமிழ்ப் பண்டிதனுக்கும் வாக்குப் பெட்டிக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவுதல் கூடும். இந்நாட்டிலே ஆசிரியனாக இருப்பவன் தேர்தல் வந்தால் அலுவலனாகிவிடுகிறான். பிராசீன பாடசாலையில் நன்னூலும் தண்டியலங்காரமும் கற்றுப் பண்டித பரீட்சைக்கு ஆயத்தம் செய்த நாளிலே, முத்திரையிட்ட பெட்டியைப் பொலிஸ் காவலுடன் பேருந்தில் ஏற்றிச் செல்லும் நாளும் எனக்கு வரும் என்று நான் கனவிலும் கருதியதில்லை.

காலை ஏழு மணிக்கு வாக்கெடுப்புத் தொடங்கிற்று. எட்டு மணியளவில் எண்பதைத் தாண்டிய முதியவர் ஒருவர், தோய்த்துலர்ந்த வேட்டியும் தோளிற் சால்வையுமாக வந்து வாக்குச் சீட்டைப் பெற்றார். அவ்வாண்டு முப்பத்தெட்டுப் பேர் களத்தில் நின்றமையாற் சீட்டு 27 அங்குல நீளம். முதியவர் அதனை விரித்து, மேலும் கீழும் நோக்கி, என் மேசையருகே வந்து நின்றார்.

“வாத்தியார், சீலைத்துண்டு மாதிரியெல்லோ கிடக்கு. இதிலை எங்கை என்னத்தைப் போடுறது?”

விதிமுறையை விளக்குதல் என் கடமை. “அப்பு, உங்களுக்கு விருப்பமான ஒருவருக்கு நேரே ஒரு புள்ளடி போட்டாற் போதும். விரும்பினால், புள்ளடிக்குப் பதிலாக 1 என்று எழுதி, அடுத்த விருப்பத்துக்கு 2 என்றும், அதற்கும் அடுத்ததற்கு 3 என்றும் எழுதலாம்” என்றேன்.

அவர் சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்தார். “ரெண்டாவதும் கேக்கிறாங்களோ? பொம்பிளை குடுக்கிற இடத்திலை, இந்த மாப்பிள்ளை இல்லாட்டி அந்த மாப்பிள்ளை எண்டு எழுதிக் குடுக்கிறதோ, தம்பி?”

வரிசையில் நின்றோர் சிரித்தனர். கட்சி முகவர்களும் சிரித்தனர். முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. மட்டை மறைப்பின் பின்னே சென்றார், வந்தார், சீட்டைப் பெட்டியில் இட்டார், போனார். அவர் என்ன குறியிட்டார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்குமே தெரியும்.

ஈண்டு புள்ளடி என்னும் சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை. புள் என்பது பறவை. புள்ளடி என்பது பறவையின் காற்சுவடு. ஈரமணலிலே கொக்கோ காகமோ நடந்து சென்றால் விழும் சுவட்டினை ஒத்தலின் அக்குறிக்கு அப்பெயர் வந்தது. இசைநூலார் கூறும் தாள அங்கங்கள் ஆறினுள் ஒன்றுக்குக் காகபாதம் என்று பெயர். அதன் குறியும் குறுக்கிட்ட இரு கோடுகளே. ஈழத்துத் தமிழ் மக்கள் தேர்தற் சீட்டில் இடும் குறிக்கு ஆங்கிலச் சொல்லை இரவல் வாங்காது இவ்வளவு அழகிய பெயரை இட்டு வைத்தார்களே என்று நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு. நிற்க.

முதியவர் சொன்னது வேடிக்கையன்று என்பதை மறுநாள் கண்டேன். 1978ஆம் ஆண்டு யாப்பின்படி சனாதிபதியாக வருபவர் செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேற் பெறல் வேண்டும். ஒருவரும் பெறாவிடின் முதலிருவர் தவிர்ந்த ஏனையோரை நீக்கிவிட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பு அவ்விருவருள் எவருக்கேனும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பர். 1982 தொடக்கம் எட்டுத் தேர்தல்களில் இதற்குத் தேவை நேரவில்லை. ஒன்பதாவதான இத்தேர்தலிலே நேர்ந்தது. செப்டெம்பர் 22ஆம் நாள், வரலாற்றில் முதன்முறையாக, இரண்டாம் விருப்பை எண்ணினார்கள். அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளும், சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளும் பெற்றிருந்தனர். ஏனைய வேட்பாளர் எல்லார்க்கும் சேர்த்து விழுந்தவை 33 இலட்சத்து 21 ஆயிரத்துச் சொச்சம். அச்சீட்டுகளிலிருந்து திசாநாயக்கவுக்குக் கிடைத்த விருப்பு வாக்குகள் 1,05,264, பிரேமதாசவுக்கு 1,67,867. இரண்டையும் கூட்டினால் 2,73,131. கணக்கறிந்த மாணவனிடம் கேட்டால் நூற்றுக்கு எட்டுச் சீட்டு என்பான். எஞ்சிய தொண்ணூற்றிரண்டும் அந்த இருவரையும்பற்றி வாய் திறக்கவில்லை.

அறியாமையால் என்பார் சிலர். அறிவித்தல் போதாது என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் முதியவரின் மாப்பிள்ளைக் கணக்கு எனக்கு மிகப் பொருத்தமாகப்பட்டது. சீட்டு கேட்ட கேள்வி, ‘இவர் வராவிடின் எவர் வரலாம்?’ என்பது. மக்கள் விடை எழுதிய கேள்வியோ, ‘நீ எவர் பக்கம்?’ என்பது. எவர் பக்கம் என்று கேட்டால் அதற்கு இரண்டாவது விடை உண்டோ? இரண்டு பக்கம் நிற்பவனை நம்மூரில் எப்பெயரால் அழைப்பர் என்பது வாசகர் அறிந்ததே. அத்தேர்தலில் தமிழ்ப் பொதுவேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 2,26,343 வாக்குகள் பெற்றார். அவர் வெல்லமாட்டார் என்பது வாக்களித்தவர் எல்லார்க்கும் தெரியும். வெல்வதற்கென்று இடாத அக்குறியும் ஒரு குறியே. அதனை இட்டவர்கள் சனாதிபதியைத் தெரிவு செய்யவில்லை. ‘நாம் இங்கு இருக்கிறோம்’ என்று கையொப்பம் இட்டார்கள்.

எட்டு வாரம் கழித்து, நவம்பர் 14ஆம் நாள், நாடாளுமன்றத் தேர்தல். செப்டெம்பரில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்ட சீட்டுகள் 3,00,300, நவம்பரில் 6,67,240. அதே மக்கள், அதே பென்சில். வேறுபட்டது கேள்வி. நாடாளுமன்றச் சீட்டிலே முதலிற் கட்சிக்குப் புள்ளடி இடல் வேண்டும். பின்னரே, விரும்பினால், அக்கட்சியின் வேட்பாளர் மூவர் வரை அவர்தம் இலக்கங்களின்மேற் புள்ளடி இடலாம். 1988ஆம் ஆண்டு வந்த பதினான்காவது திருத்தத்தால் ஏற்பட்டு 1989ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு உறுப்பினர் அறுவர். ஆகவே ஒரு பட்டியலில் ஒன்பது பெயர். இலக்கமும் 1 முதல் 9 வரை. மதிலெங்கும் ஒட்டிய சுவரொட்டிகளில் வேட்பாளரின் முகமும் இலக்கமும் பூதாகாரமாக இருக்கும். கட்சிச் சின்னத்தை மூக்குக்கண்ணாடி அணிந்து தேடவேண்டும். வாக்காளர் என்ன செய்வார்? தம் ஊராளின் இலக்கத்தை மனத்திலே பதித்துக்கொண்டு வருகிறார். அதன்மேற் புள்ளடியை இடுகிறார். கட்சிக்கு இட மறந்து போகிறார். அச்சீட்டுச் செல்லாது. முதலிற் கட்சியைக் கேட்டார்கள். அவர் ஆளைச் சொன்னார். ஆறரை இலட்சமும் இப்படித்தான் பாழாயின என்று நான் கூறவில்லை. எவரையும் பிடியாமல் வேண்டுமென்றே தாளைக் கிறுக்கியவரும் உளர். இந்தியாவிலே வாக்கு இயந்திரத்தில், ‘இவர்களுள் எவருமில்லை’ என்று சொல்லவும் 2013 முதல் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது இல்லாமையால் நம்மவர் பென்சிலை அதற்கும் பயன்படுத்துகின்றனர்.

குறியிடாமையும் ஒரு குறியாக எண்ணப்பட்ட காலங்கள் உண்டு. 1931ஆம் ஆண்டு, ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்த முதற்றேர்தலிலே, பூரண சுயாட்சி தராத யாப்பு வேண்டா என்று யாழ்ப்பாண வாலிப காங்கிரசார் பகிஷ்கரிப்புச் செய்தனர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு இடங்களும் வெறுமையாய்க் கிடந்தன. மன்னார் முல்லைத்தீவுத் தொகுதியோ வெறுமையாய்க் கிடக்கவில்லை. வன்னி தன் ஆளை அனுப்பிற்று. 2005ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாட் பகிஷ்கரிப்பு வேறு வகையானது. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட அன்று வாக்களிக்கவில்லை. நாடு முழுவதிலும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த தூரம் ஓர் இலட்சத்து 80 ஆயிரம் வாக்கு. மனமுவந்து வீட்டில் இருந்தவர் எத்துணைப் பேர், புறப்பட அஞ்சி இருந்தவர் எத்துணைப் பேர் என்பதை வெற்றுச் சீட்டு எவருக்கும் சொல்லாது.

என் அப்பாச்சி அரசாங்க சபைத் தேர்தல் ஒன்றில் வாக்களித்தவர். எழுத்தறியாதோர் பொருட்டு அக்காலத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்து, அந்நிறத்திற் பெட்டியும் வைத்திருந்தனர். சீட்டை விரும்பிய நிறத்துப் பெட்டியில் இட்டால் வேலை முடிந்தது. அப்பாச்சி மஞ்சட் பெட்டியில் இட்டாராம். “ஏனணை, அவர் நல்லவரோ?” என்று சிறுபிள்ளையாகிய நான் கேட்டேன். “ஆர் கண்டது? வற்றாப்பளை அம்மாளின்ரை மஞ்சள் கிடக்க, வேறை நிறத்திலை போட்டால் கை கூசாதோ?” என்றார். அம்மஞ்சள் நிறத்துக்குரியவர் அந்த வாக்கைத் தம்முடைய புகழின் பயன் என்றே எண்ணியிருப்பார், பாவம்.

வாக்கு என்றவுடன் உத்தரமேரூரைக் கூறாத தமிழ்ப் பேச்சாளர் இல்லை. 919, 921ஆம் ஆண்டுகளில், முதற் பராந்தக சோழன் காலத்தே வெட்டிய அக்கல்வெட்டுகள் பெருமைக்குரியனவே. ஆனால் அங்கு நடந்தது வாக்களிப்பு அன்று, திருவுளச்சீட்டு. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். நிலம் வேண்டும், வயது வேண்டும், கல்வி வேண்டும், கணக்குக் காட்டாதவன் கூடாது என்று தகுதியை எல்லாம் முன்னரே சல்லடையிட்டுப் பார்த்தவர்கள், மக்களின் விருப்பத்துக்கு மட்டும் இடம் வைக்கவில்லை. அது மறதியன்று, மனித விருப்பத்தை நன்கு அறிந்தமையின் விளைவு என்பதே என் துணிபு. இக்குடவோலை வழக்கத்தை ஓர் உவமையாகக் காட்டும் அகநானூற்று 77ஆம் பாட்டு மருதன் இளநாகனார் பாடியது. அப்பெயர் எனக்கு வேறொரு கதையை நினைவூட்டும். அக்கதை என் வாழ்க்கையில் ஒரு தவற்றைத் திருத்திற்று. தவற்றை முதலிற் சொல்கிறேன்.

2014ஆம் ஆண்டு. கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றிலே பத்தாந் தரத்துக்குத் தமிழ் கற்பித்தேன். மாணவர் கவிதைகளைச் சுவர்ச்சஞ்சிகையில் ஒட்டுவது வழக்கம். பன்னிரண்டு கவிதைகள் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் வெற்றுப் பால்மாப் பேணி ஒன்று வைத்தேன். முப்பத்து நான்கு மாணவர். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டையும் ஒரு சிறு கல்லும் கொடுத்தேன். மனத்தைத் தொட்ட கவிதைக்குக் கொட்டை. சொற்குற்றமோ பொருட்குற்றமோ கண்ட கவிதைக்குக் கல். சுவைஞர் பயிற்சி என்று நான் அதற்கு இட்ட பெயரை நினைக்க இன்று நாணமாயிருக்கிறது.

இரண்டு நாளில் விளங்கிற்று. நான்கு இலக்கணப் பிழை மலிந்த ஒரு கவிதையின் பேணியில் இருபத்தொரு கொட்டை. எழுதியவன் துடுப்பாட்ட அணித் தலைவன். அடுத்த நல்ல கவிதை இரண்டிலும் கல். தம் நண்பன் முந்தவேண்டுமானால் அவற்றைக் கீழே தள்ளவேண்டுமல்லவா? மூடியில்லாப் பேணி ஆகையால் பின்வந்தோர் முதலில் உள்ளே எட்டிப் பார்த்தனர். குவியல் கண்ட இடத்திலே மேலும் கொட்டை விழுந்தது. கல் கண்ட இடத்திலே மேலும் கல் விழுந்தது. கவிதையை வாசித்த பின் பேணியை நாடியவரிலும், பேணியைப் பார்த்த பின் கவிதையை வாசித்தவரே அதிகம். வாசியாதவரும் இருந்தனர்.

பன்னிரண்டினுள்ளே எனக்கு மிகப் பிடித்தது ஒரு மாணவியின் கவிதை. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலிலே நாட்கூலிக்குக் களை பிடுங்கும் தன் தாயைப்பற்றியது. அலங்காரம் எதுவும் இல்லை. தாயின் கைவிரல்களை மட்டும் சொல்லி முடித்திருந்தாள். அதன் பேணியிலே கொட்டை இரண்டு, கல் பதினொன்று.

நான் செய்த தவறு இதுதான். எல்லாவற்றையும் எண்ணி, கொட்டை இத்தனை, கல் இத்தனை என்று வகுப்பின் முன்னே உரத்து வாசித்தேன். அன்று பிற்பகல் அச்சிறுமி சுவரண்டை சென்று, தன் கவிதையைக் கழற்றி, நான்கு குண்டூசிகளையும் பெட்டியிலே திருப்பி வைத்துவிட்டு வந்து இருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

கல்லிட்ட மாணவன் ஒருவனைத் தனியே அழைத்தேன். “அதில் என்ன பிழை கண்டீர்?” என்று கேட்டேன்.

“பிழை ஒண்டும் இல்லை, சேர். அவை தோட்டக்காட்டு ஆக்கள்.”

இதனை எழுதக் கூசுகிறது. எழுதாமல் விடின் அதனிலும் கூசும். 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கிணறு தோண்டி, இம்மண்ணின் போரையும் இடப்பெயர்வையும் எம்முடன் சேர்ந்தே அனுபவித்த குடும்பங்கள் அவை. அச்சிறுமியும் அவள் தாயும் இங்கேயே பிறந்தவர்கள். நான் கல்லைக் கொடுத்தபோது கவிதையின் குற்றத்தைக் கேட்டேன். அவர்கள் வேறொன்றைச் சொல்லக் காத்திருந்தார்கள். சொல்வதற்கு நான் கருவி கொடுத்தேன். அந்தப் பதினொரு கல்லும் என் கையிலிருந்து போனவை.

பண்டைக் கிரேக்கரும் கல்லால் வாக்களித்தவர்களே. அதேனை நகரத்தில் மட்பாண்ட ஓட்டில் ஒருவன் பெயரைக் கீறியிட்டு அவனைப் பத்தாண்டு நாடு கடத்தும் வழக்கமும் இருந்தது. எழுதத் தெரியாத ஒருவன், அரிஸ்டைடீஸ் என்னும் சான்றோனிடமே, ஆள் யாரென்று அறியாமல், ‘இதில் அரிஸ்டைடீஸ் என்று கீறித் தாரும்’ என்றானாம். அவன் உமக்கு என்ன தீங்கு செய்தான் என்று கேட்க, ‘ஒன்றுமில்லை, எல்லாரும் அவனை நீதிமான் நீதிமான் என்பது கேட்டுக் காது புளித்துவிட்டது’ என்றானாம். புளூட்டாக் என்னும் சரித்திராசிரியர் சொல்லும் கதை இது. சான்றோன் தன் பெயரைத் தானே கீறிக் கொடுத்தான். கொடுங்கோலன் ஒருவன் தலையெடாதிருக்க அமைத்த கருவி, காது புளித்தவனுக்குப் பயன்பட்டது.

இனி மருதன் இளநாகனார். இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தத்தம் உரை வகுத்து, எது மெய்யுரை என்று கலாய்த்தனர் என்பது உரைமரபுக் கதை. தம்முள் முடிவு காணாது, உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது மூங்கைப் பிள்ளையை உயர்ந்த ஆசனத்தில் இருத்தி, அவன்முன் ஒவ்வொருவராக உரைத்தனர். மருதன் இளநாகனார் உரைத்தபோது இடையிடையே அவன் கண்ணீர் உகுத்தான். நக்கீரனார் உரைத்தபோது சொற்றோறும் கண்ணீர் வார மெய்ம்மயிர் சிலிர்த்திருந்தான். அதுவே தீர்ப்பாயிற்று. இக்கதையைப் பல ஆண்டு படிப்பித்தவன் நான். அத்தவணை முடிவில் மீண்டும் படிப்பித்தபோதுதான், ஏன் பேசவியலாப் பிள்ளையைத் தேடினார்கள் என்பது உறைத்தது. அப்பிள்ளைக்கு நக்கீரன் எந்த ஊர், இளநாகன் யார் உறவு என்பது தெரியாது. தெரிந்தாலும் சொல்ல நா இல்லை.

அடுத்த தவணையிலே பன்னிரண்டு புதிய கவிதைகளையும் என் கையெழுத்திலேயே படியெடுத்து, பெயரின்றி இலக்கமிட்டு ஒட்டினேன். பேணிகளுக்கு மூடி போட்டு, மூடியிலே ஒரு கொட்டை புகுமளவு துளையிட்டேன். கல்லை ஒழித்தேன். அச்சிறுமி எழுத மறுத்தாள். அவளுடைய பயிற்சிக் கொப்பியில் இருந்த பந்தி ஒன்றை அவள் சம்மதம் பெற்று வரிகளாக்கித் தரச் செய்து, ஏழாம் இலக்கமாக ஒட்டினேன். ஏழாம் பேணியில் விழுந்த கொட்டைகள் பத்தொன்பது. முதலிடம் அதுதான். பெயரைச் சொன்னபோது வகுப்பு ஒரு கணம் அடங்கியது, பின்னர் யாரோ கைதட்டினார்கள், மற்றவர்களும் தட்டினார்கள்.

எல்லாரும் போனபின் அவள் என்னிடம் வந்தாள். “சேர், அண்டைக்குக் கல்லுப் போட்ட ஆக்களும் இதுக்குக் கொட்டை போட்டிருப்பினமோ?”

“போட்டிருப்பர், பிள்ளை.”

“அது என்ரை எண்டு இப்பத் தெரியுந்தானே. கொட்டையைத் திருப்பித் தரச்சொல்லிக் கேப்பினமோ?”

எனக்கு விடை வரவில்லை. ‘கேட்கமாட்டார்கள்’ என்றேன். அதில் எனக்கிருந்த உறுதி அரைவாசிதான்.

இக்காலத்துக் கைத்தொலைபேசியைத் திறந்தால், நான் வைத்த பேணிகளை உலகம் முழுவதற்கும் வைத்திருக்கிறார்கள். மேல்நோக்கிய பெருவிரல், கீழ்நோக்கிய பெருவிரல், இதயம், சிரித்த முகம். முகநூலில் 2009ஆம் ஆண்டு பெருவிரல் ஒன்றே வந்தது. அது போதாதென்று 2016இல் அழும் முகமும் சினந்த முகமும் சேர்த்தார்கள். யூடியூப்பில், கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்து கீழ்விரலைக் குவித்து ஒருவரை விழுத்தும் பழக்கம் மிகுந்தமையால், 2021 நவம்பரில் அவ்வெண்ணிக்கையைப் பார்வையாளர் கண்ணுக்கு மறைத்துவிட்டனர். கல் பெருகிய பேணிக்கு அவர்களும் மூடி போட்டார்கள் போலும். கருத்து நன்றா என்று கேட்டு வைத்த பொத்தானிலே, ‘உன்னைப் பிடிக்கும்’, ‘உன் ஊரைப் பிடியாது’, ‘நேற்று நீ எனக்கு இடவில்லை, இன்று நான் உனக்கு இடேன்’ என்பனவெல்லாம் வந்து விழுகின்றன.

இதனாலே பெருவிரலின்மேல் எனக்குக் கடுஞ்சினம் இருந்தது. 2023இல் அது சற்றுத் தணிந்தது. பழைய மாணவர் தமக்குள் நடத்தும் வட்ஸ்அப் குழுவொன்றில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாள், பிரான்சிலிருக்கும் மாணவன் ஒருவன், முள்ளியவளையில் தன் தாயார் காலமானதையும், தன்னால் வர இயலாமையையும் அதில் எழுதினான். கீழே நாற்பத்து மூன்று பெருவிரல்! சாவுச் செய்திக்கு ‘நன்று’ என்று விரல் உயர்த்துவதா? இதற்கோ தமிழ் படிப்பித்தேன் என்று வெகுண்டு, விரல் வைத்தவர்களுள் ஒருவனை, விசுவமடுவில் உழவியந்திரம் ஓட்டுபவனை, அழைத்துக் கண்டித்தேன்.

“சேர், எனக்கு என்னத்தை எழுதத் தெரியும்? பாத்திட்டன், செத்தவீட்டுக்கு நான் நிப்பன் எண்டு அவனுக்குத் தெரியவேணுமெல்லோ” என்றான். நின்றான், பந்தற்கால் நட்டதும் அவனே, பாடை தூக்கியவருள் ஒருவனும் அவனே.

நானோ எதுகை மோனை வழுவாது, ஒரு முழுத்தாள் அளவு இரங்கலுரை எழுதி அனுப்பியிருந்தேன். எட்டாம் நாள் அம்மாணவன் பிரான்சிலிருந்து பேசினான். அன்று இரவு முழுதும் அறையிலே தனியே இருந்து, அந்த நாற்பத்து மூன்று பெயரையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தானாம். “உங்கடை எழுத்தையும் வைச்சிருக்கிறன், சேர். இன்னும் முழுக்க வாசிக்கேல்லை” என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

அச்சிறுமி இப்போது வவுனியாவில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பாலர் கை உயர்த்தி விடை சொல்வதற்கு முன்னர் எல்லாரையும் கண்மூடச் செய்வாளாம், தொலைபேசியில் சொன்னாள். என் வகுப்பிலும் இவ்வாண்டு சுவர்ச்சஞ்சிகைக்குப் பேணி வைக்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கீழ்விரல்போல் ஒன்றும் வேண்டுமாம். இல்லாவிட்டால் சுவை இல்லையாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். பால்மா விலை ஏறியபின் பலரும் கடதாசிப் பொதியில் வாங்குகிறார்கள். பேணி கிடைப்பதே அரிதாயிருக்கிறது. ஒன்பது சேர்ந்திருக்கிறது. நான்குக்கு மூடி இல்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.